நாகமணி கிளப்பிய யெஸ்டி

ஜூன் 2, வெள்ளி

நேற்று முன்தினம் ஓய்வு பெற்றேன். பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருடம். சால்வையோடு மேனேஜர் இந்த டைரியையும் கொடுத்தார். பாதி வருடம் ஏற்கெனவே போய்விட்டது. பரவாயில்லை, மிச்சத்தை எழுதுவோம்.

கொட்டகையில் பதினேழு வருடமாக நிற்கும் யெஸ்டி பைக்கை வெளியே எடுத்து, நானே இன்ஜினைப் பிரித்து, நானே கிளப்பப் போகிறேன். தெருமுனை பேக்கரியில் சொல்லியாகிவிட்டது. சதாசிவம் கல்லாவில் இருந்தபடியே, “உங்களுக்கென்னண்ணா, மெசினெல்லாம் தண்ணி பட்ட பாடு” என்றான். பம்பு கம்பெனி என்றால் ஒண்டிப்புதூரில் அப்படித்தான் நினைப்பார்கள். நான் மறுத்ததில்லை.

நாகமணியிடம் சொன்னேன். “ம்” என்றாள். இந்த “ம்” எனக்குப் பிடிப்பதில்லை.

ஜூன் 4, ஞாயிறு

வண்டியை வெளியே இழுக்கும்போது ஸ்டாண்டு மடங்கி என் மேல் சாய்ந்துவிட்டது. இடது மணிக்கட்டு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. எழுதும் கை தப்பியது.

மேல் வீட்டில் குடியிருக்கும் ஜெபராஜ்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஜெனரேட்டர் சர்வீஸ் செய்கிறவன், தூத்துக்குடிப் பக்கம். குடும்பம் ஊரில், இங்கே தனி ஆள். நாற்பது வயது இருக்கும். என்னை “அண்ணாச்சி” என்கிறான். மளிகைக் கடைக்காரரைக் கூப்பிடுவது போல் இருக்கிறது எனக்கு.

ஜூன் 7, புதன்

காலையில் நாகமணி பாத்திரம் கழுவிவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள். “ஏனுங்க, சும்மா உக்காந்துட்டுத்தான இருக்கறீங்க. என்ன பண்ணோணும்னு சொல்லுங்க, நான் பண்றேன்.”

நல்ல யோசனைதான். மூளை என்னுடையது, கை அவளுடையது. கொட்டகை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டேன்.

முதலில் பிளக்கைக் கழற்றச் சொன்னேன். வலப்பக்கம் திருப்பு என்றேன். வரவில்லை. அவள் இடப்பக்கம் திருப்பினாள், வந்துவிட்டது. நான் எதிரே உட்கார்ந்திருந்ததால் வலமும் இடமும் மாறிவிட்டன. அவ்வளவுதான்.

இன்ஜின் இறுகிக் கிடக்கிறது. கிக்கர் கல் மாதிரி நிற்கிறது. மேலே ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு தட்டலாம் என்றேன். மாடிப்படியில் நின்றிருந்த ஜெபராஜ், “அடிச்சிராதிய அண்ணாச்சி, பிஸ்டன் ஒடஞ்சி போவும். பிளக் ஓட்டை வழியா டீசலும் ஆயிலும் கலந்து ஊத்திட்டு ஒரு வாரம் சும்மா விடுங்க” என்றான்.

நானும் அடுத்து அதைத்தான் சொல்லவிருந்தேன்.

ஜூன் 12, திங்கள்

தினமும் காலையில் குழந்தையின் காதுக்கு மருந்து விடுவது போல அந்த ஓட்டையில் எண்ணெய் விடுகிறாள். பிறகு கியரைப் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுகிறாள். எனக்கு இவ்வளவு பொறுமையாக அவள் மருந்து கொடுத்ததாக நினைவில்லை.

ஜூன் 17, சனி

இன்ஜின் அசைந்துவிட்டது.

நான் குளியலறையில் இருந்தேன். ஈரத் தலையோடு வந்து பார்த்தபோது ஜெபராஜ் ஏற்கெனவே கீழே வந்து நின்றான். அவள் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறாள். குளியலறைக் கதவு கொட்டகையிலிருந்து எட்டு அடி. மாடிக்குப் பதினாலு படி.

ஜூன் 19, திங்கள்

பேக்கரியில் கேட்டார்கள். “பிஸ்டன் விட்டுருச்சு. ஹெட்டைக் கழட்டியாச்சு. கரியெல்லாம் சொரண்டியாச்சு” என்றேன். யார் கழற்றியது, யார் சுரண்டியது என்று சொல்லவில்லை. தமிழில் அந்த வசதி இருக்கிறது.

சுரண்டியது அவள்தான். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலையில் கம்பியைத் தள்ளப் பயன்படுத்தும் ஃபைபர் பட்டையைத் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள். இரும்பால் சுரண்டினால் கீறல் விழுமாம். யார் சொன்னது என்று கேட்டேன். “யாரு சொல்லோணும்? அலுமினியம் மெத்துனு இருக்குதுங்களே, பாத்தாத் தெரியாதா?” என்றாள். ஜெபராஜ் சிரித்தான். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

ஜூன் 24, சனி

இன்று கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

டைனமோவுக்குள் இருந்த காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கருகிப் போயிருந்தது. ஜெபராஜ் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது முடிஞ்சிட்டு அக்கா. பழைய சாமான் கடையில கெடைக்குதான்னு பாக்கணும்” என்றான். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஏன் என்று தெரியவில்லை. வண்டி கிளம்ப வேண்டும் என்றுதானே நானும் இருக்கிறேன்.

“கம்பிதானுங்களே?” என்றாள் நாகமணி. “பழசப் பிரிச்சு எத்தன சுத்துன்னு எண்ணிப்போட்டு, புதுசாச் சுத்திக்கலாம்.”

சாயங்கால வெளிச்சத்தில் வாசல் படியில் உட்கார்ந்து பிரித்தாள். உதடு அசைய எண்ணினாள். யாரும் பேசக்கூடாது என்று கையால் காட்டினாள். பிறகு புதுக் கம்பியை எடுத்து, ஒரு விரலால் இழுவை கொடுத்து மறு கையால் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறவில்லை. தறியில் நூல் படிகிற மாதிரி வரிசையாகப் படிந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவள் கண்ணாடிகூடப் போடவில்லை.

ஜெபராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோயிலில் நிற்பது போல நின்றான். “எங்க கம்பெனியில இப்படி ஒரு கை ஒருத்தனுக்கும் கெடையாது அக்கா” என்றான்.

அவள் அதே பம்பு கம்பெனியில் வைண்டிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். கையால் சுற்றுவதை நிறுத்தி மெஷின் வாங்கியபோது, ஐந்து வருடத்துக்கு முன், அந்தப் பெண்களை எல்லாம் அனுப்பிவிட்டார்கள். ஒரே காம்பவுண்டுதான். ஆனால் அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் கோடியில் அவர்கள். இந்தக் கோடியில் டெஸ்பாட்சு. அங்கே நான் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி, லாரிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன்.

“பொறவு ஏன் உங்கள சூப்பர்வைசர் ஆக்கல?” என்று ஜெபராஜ் கேட்டான். அவனுக்கு எதற்கு இதெல்லாம்.

“கேட்டாங்க” என்றாள், கம்பியிலிருந்து கண் எடுக்காமல். “நீலாம்பூர் யூனிட்டுக்கு. காலைல ஆறு மணி சிப்டு. அந்நேரத்துக்கு பஸ்ஸு இல்ல. வேண்டாம்னுட்டேன்.”

யெஸ்டி அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்கு எட்டரை மணிக்குத்தான் டூட்டி. தனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி ஒருமுறை கேட்டாள். பொம்பளைகள் தாங்குகிற கனமா அது என்றேன். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 28, புதன்

கட்டுக்குள் அரிப்பு. ஜெபராஜ் வேலை முடிந்து வந்ததும் நேரே கொட்டகைக்குத்தான் வருகிறான். அவனுக்கு அவள் டம்ளர் நிறையக் காபி கொடுக்கிறாள். என் டம்ளரில் இரண்டு விரற்கடை குறைகிறது. இன்று அளந்தே பார்த்தேன்.

ஜூன் 30, வெள்ளி

என்னிடம் இப்போது எதுவும் கேட்பதில்லை. முன்பு கேட்டுவிட்டுத் தானாகச் செய்வாள். இப்போது கேட்காமலேயே செய்கிறாள்.

ஜூலை 1, சனி

கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, எவர்சில்வர் தட்டில் ஒவ்வொன்றாக வரிசைப்படி வைத்திருந்தாள். ஜெபராஜ் பக்கத்தில் குனிந்து எது எங்கே வரும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். நாளை எல்லாவற்றையும் பூட்டிக் கிளப்பிவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அவள் குளிக்கப் போகும்போது, “சித்தெ அந்தத் தட்டத்தப் பாத்துக்கங்க, காக்கா ஏதாச்சும் கொத்திட்டுப் போயிரப் போவுது” என்றாள். பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 2, ஞாயிறு

மெயின் ஜெட்டைக் காணவில்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற, நடுவில் ஊசித் துளை போட்ட பித்தளைத் திருகு. கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிது. அது இல்லாமல் வண்டியைக் கிளப்ப முடியாது.

சின்னச் சாமான்தானே. எப்படி வேண்டுமானாலும் தொலையலாம்.

ஜூலை 4, செவ்வாய்

கொட்டகை முழுக்கப் பெருக்கிவிட்டாள். குப்பையைச் சல்லடையில் போட்டுச் சலித்தாள். இன்று சாக்கடை மண்ணை அள்ளி, பழைய டீ வடிகட்டியில் போட்டு, குழாயடியில் உட்கார்ந்து அலசினாள். ஒரு மணி நேரம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

நான் நாற்காலியில் இருந்தபடி சொன்னேன்: “சனிக்கிழம ஜெபராஜுதான அதும் மேலயே குனிஞ்சுட்டு இருந்தான். சட்டப் பையில கிய்யில விழுந்திருக்கும். ஒருக்கா கேட்டுப் பாரு.”

“அவுரு எதுக்குங்க...”

“வேணும்னா சொல்றேன்? தெரியாம விழுந்திருக்கும்னுதான சொல்றேன்.”

ஜூலை 5, புதன்

கேட்டுவிட்டாள். நான் உள்ளே ஜன்னலோரம் இருந்தேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். ஜெபராஜ் சட்டைப் பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு பேனா மூடியும் பஸ் டிக்கெட்டும் விழுந்தன. குனிந்து அவற்றை எடுத்துக்கொண்டு, “எடுத்துட்டுப் போயிருப்பேன்னு நெனச்சியளா அக்கா?” என்றான். அவள் அய்யய்யோ அப்படியெல்லாம் இல்லீங்க என்று ஏதேதோ சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு மேலே போய்விட்டான்.

மதியம் அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

ஜூலை 7, வெள்ளி

ஜெபராஜ் வருவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. காபி டம்ளர் நிறைய வருகிறது.

ஜூலை 9, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு ஜெபராஜ் வெளியிலிருந்து வந்தான். வெயிலில் முகம் கறுத்திருந்தது. கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. உக்கடம் பழைய சாமான் கடைகளில் போன ஞாயிறு பாதி நாளும் இன்று விடிந்ததிலிருந்தும் தேடியிருக்கிறான். காகிதத்தில் மடித்த ஒரு மெயின் ஜெட்டை நாகமணி கையில் கொடுத்து, “அளவு சரியா இருக்கும் அக்கா. போட்டுப் பாருங்க” என்றான்.

போன ஞாயிறு. அதாவது அவள் கேட்பதற்கு மூன்று நாள் முன்பே தேடப் போயிருக்கிறான்.

நாகமணி காபி குடிச்சுட்டுப் போங்க என்றாள். பாத்திரம் கழுவ வேண்டும் என்று சொல்லிப் படியேறிவிட்டான். அவள் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கேட்டருகில் நின்றாள்.

ஜூலை 10, திங்கள்

எடுத்தது நான்.

என் கண்ணாடிக் கூட்டில், துடைக்கிற துணிக்கு அடியில் இருக்கிறது. முதல் தேதி அவள் குளிக்கப் போனதும் எடுத்தேன். ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, நானே தேடிக் கண்டுபிடித்தது போலக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கொடுக்க நினைத்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் தேடட்டும் என்று இருந்தது. சாக்கடை மண்ணை அவள் அலசியபோதுகூட வாயைத் திறக்கவில்லை.

ஜெபராஜ் மேல் பொறாமை என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். எழுதியதைத் திருப்பிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. காபி டம்ளரை எல்லாம் அளந்திருக்கிறேன். ஆனால் அவன் வராத இந்த ஐந்து நாளில் அந்தப் பொறாமை துளியும் குறையவில்லை. அவள் தனியாக உட்கார்ந்து பொறி விடுகிற பிளாட்டின் பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தாலும் அதே எரிச்சல். அந்தக் கையைப் பார்த்தால் வருகிறது.

இந்த வண்டியை ஓட்டிய பதினாலு வருடத்தில் நான் பிளக்கைக்கூடக் கழற்றியதில்லை. சின்ன இரைச்சல் என்றாலும் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவேன். பக்கத்தில் நின்று கேட்ட வார்த்தைகளைப் பேக்கரியில் வந்து சொல்வேன். நான் பேச்சில் வைத்திருந்ததெல்லாம் அவளுக்குக் கையில் இருந்திருக்கிறது. அவள் ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

சொல்ல வேண்டும். இன்று அவளுக்குத் தலைவலி. நாளை.

ஜூலை 12, புதன்

சொல்லிவிட்டேன்.

கார்புரேட்டரை மடியில் வைத்து ஜெபராஜ் தந்த ஜெட்டைப் பூட்டப் போய்க்கொண்டிருந்தாள். நான் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, பழையதை எடுத்துத் தட்டில் வைத்தேன். கிண் என்று ஒரு சத்தம். அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எங்க கெடந்துச்சு?”

“கெடக்கல. நாந்தான் எடுத்து வெச்சிருந்தேன்.”

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். “எதுக்குங்க?”

“நீ கிளப்பிருவயோன்னு இருந்துச்சு.”

“கிளப்புனா என்னங்க?”

“எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு ஆயிரும்ல.”

“அது எனக்குக் கண்ணாலமான வருசமே தெரியுமுங்க” என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலத்தான் சொன்னாள். “நீலாம்பூர் வேலயக்கூட நான் மனசுல வெச்சுக்கல. உங்களுக்குப் புடிக்கலேன்னு விட்டுப்போட்டேன். ஆனா அந்த மனுசன் எம் முன்னால பையைத் தொறந்து காட்டுனாரு. எந்த வாயில கேட்டனோ அந்த வாயில நான் தெனமும் சோறு திங்கறேன். அத என்னைய வெச்சுக் கேக்க வெச்சீங்களே.”

கண்ணாடிக் கூட்டை மூடினேன்.

“மேல போயி நீங்களே சொல்லுங்க. உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்.”

எழுந்து உள்ளே போய் அரிசி களைந்தாள்.

ஜூலை 13, வியாழன்

பதினாலு படி. ஏழாவது படியில் நின்று திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். கீழே நாகமணி துணி உலர்த்துவது போல நின்றுகொண்டிருந்தாள். ஏறினேன்.

ஜெபராஜ் வேலைக்குப் போட்டுப் போகும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டார். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நான்தான் எடுத்தேன், நான்தான் உங்கள் பேரைச் சொன்னேன் என்றேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டையின் காலரை மடித்து நேராக்கினார்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“நேத்துத்தான் சொன்னேன்.”

“கோவம் இருக்கு அண்ணாச்சி. இல்லன்னு சொன்னா பொய்யாப் போவும். போயிரும், பாத்துக்கிடுங்க. ஆனா இன்னைக்கிப் போவாது.”

“செரிங்க” என்றேன்.

இறங்கி வந்தேன். நாகமணி சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்தாள். நேற்று அடுப்பு மேடை மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஜூலை 15, சனி

ஜெபராஜ் வரவில்லை. அவள் தனியாகவே கார்புரேட்டரைப் பூட்டினாள். பழைய ஜெட்டையா புதியதையா என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 17, திங்கள்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை வாடிய முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. வந்ததும் உன்னோடு சேர்ந்து கிளப்பலாம் என்று காலையில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். “பாக்கலாங்க” என்றாள்.

ஒண்டிப்புதூர் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் திரும்பும்போதே கேட்டது. டப் டப் டப் என்று விட்டு விட்டு வந்து, கம்மி, மறுபடி பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. பதினேழு வருடம் கழித்தும் அந்தச் சத்தத்தை உடம்பு அறிந்தது. என் காலில் வேகம் வந்தது. இரண்டு வீடு தாண்டியதும் வேகம் போய்விட்டது. எனக்காக அவள் காத்திருக்கவில்லை.

எங்கள் வாசலில் வெள்ளைப் புகை கொசு மருந்து அடித்தது போல நின்றது. தெருவில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். நாகமணி வண்டிக்கு இடப்பக்கம் நின்று கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். முகம் வேர்த்து, நெற்றிப் பொட்டு கலைந்து, ஒரு கன்னத்தில் கரி. அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. என் பக்கம் அவள் திரும்பவில்லை. நாலாவது உதையிலேயே பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஜெபராஜ் வேலைக்குப் போகாமல் படியின் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு, அக்கம்பக்கத்தாரில் ஒருவனாகக் கும்பலின் பின்னால் நின்றேன். இதை நான் பண்ணியிருக்க வேண்டும்.

சதாசிவம் பேக்கரியை விட்டுவிட்டு ஓடிவந்திருந்தான். என்னைப் பார்த்ததும் வலது கையைப் பிடித்துக் குலுக்கினான். “கட்டுப் போட்ட கையோட கிளப்பிட்டீங்களேண்ணா. அண்ணிக்கு என்னென்ன பண்ணோணும்னு சொல்லிக் குடுத்தே முடிச்சுட்டீங்களாட்ட இருக்குது.”

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. ஒன்றும் சொல்லாமல் சிரித்தாலே போதும். அவனே மிச்சத்தைச் சொல்லிக்கொள்வான். முப்பது வருடமாக அப்படித்தான் நடந்துவந்தது.

“நான் இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்கி வாறேன்” என்றேன். சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. காதருகில் போய் உரக்கச் சொன்னேன். “நான் ஒண்ணும் பண்ணல சதாசிவம். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. கம்பெனில நான் பொட்டிக்குச் சீட்டு ஒட்டுனவன். இன்ஜினப் பிரிச்சது, காயில் சுத்துனது, கிளப்புனது எல்லாம் அவதான். ஜெபராஜ் சொல்லிக் குடுத்தாரு. நான் நடுவுல ஒரு சாமான எடுத்து ஒளிச்சு வெச்சு, ரண்டு வாரம் தாமசம் பண்ணேன்.”

அவன் என் முகத்தையே பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்தான். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் திரும்பினார்கள்.

இன்ஜின் சத்தத்தில் நாகமணிக்கு இது கேட்டிருக்காது. ஜெபராஜுக்கும் கேட்டிருக்காது. சதாசிவத்துக்கு நன்றாகவே கேட்டது. நாளை காலை பால் வாங்க வருகிற எல்லோருக்கும் கேட்கும்.

ஜூலை 22, சனி

பேக்கரிக்கு ஐந்து நாளாகப் போகவில்லை. இன்று போனேன். டீ கொடுத்தார்கள். வண்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம்.

ஜூலை 23, ஞாயிறு

ஜெபராஜ் கீழே வந்தார். நாகமணிக்குக் காலி மைதானத்தில் கியர் போடக் கற்றுத்தருகிறார். வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து, தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போகிறார். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து இதை எழுதுகிறேன். ஒளித்து வைத்து என்ன ஆகப் போகிறது.

என்னோடு அவர் இன்னும் அதிகம் பேசுவதில்லை. அண்ணாச்சி என்று மட்டும் கூப்பிட்டார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இன்று முதல் தடவையாக அவள் தனியாக எடுத்துக்கொண்டு போனாள். இருகூர் வரை போய்வருகிறேன் என்றாள். நானும் வரட்டுமா என்று கேட்க வாய் எடுத்தேன். அவள் பின் இருக்கையில் மடித்த ஒரு பையைக் கட்டியிருந்தாள். கேட்கவில்லை.

வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டி, ரோட்டு லாரிகளோடு கலந்து காணாமல் போகும்வரை வாசலில் நின்றேன். எங்கேயாவது நின்றுபோகட்டும், அரை மணி நேரம் தள்ளிக்கொண்டு வரட்டும் என்று எனக்குள் ஒரு ஆள் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் போய்விட்டான் என்று எழுத மாட்டேன். இன்றும் சொன்னான். கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.

உள்ளே வந்து இரண்டு பேருக்குச் சோறு வடித்தேன். வலுவில்லாத இடது கையால் மூடியைப் பிடிக்க முடியவில்லை. கஞ்சி கொஞ்சம் காலில் கொட்டியது. பருப்பும் சுமாராகத்தான் வந்தது.

பன்னிரண்டரைக்கு யெஸ்டி சத்தம் தெருமுனையில் கேட்டது. எங்கேயும் நிற்காமல் போய்வந்திருக்கிறது. ஓடிப்போய்க் கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தேன்.